செல்ஃப் எடுக்காத வண்டிக்குக் கையடக்க ஸ்டார்ட்டர்

ரயில்வேயில் டீசல் இஞ்சின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்று, ஜீடிமெட்லாவில் குடியிருப்பவன் நான். பாட்டரி தீர்ந்துபோன வண்டியைப் புறப்படச் செய்யும் சிறு பெட்டி பற்றிப் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். கடைக்காரர்கள் இதை 'ஜம்ப் ஸ்டார்ட்டர்' என்பார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2020 ஊரடங்கில் எங்கள் கார் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, "ஏங்க, மூச்சு முட்டுது" என்று மனைவி எழுப்பினாள். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டுந்தான் வந்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. எதிர் வீட்டில் டாக்சி ஓட்டும் தம்பியைத் தட்டி எழுப்பினோம். அவர் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. மனைவி பிழைத்துக்கொண்டாள், இன்று நலமாக இருக்கிறாள். ஆனால் ஆயிரக்கணக்கான குதிரைசக்தி இஞ்சின்களைக் கிளப்பியவன், தன் வீட்டு வாசலில் கையைப் பிசைந்து நின்றேனே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

பாட்டரி செய்யும் வேலை

கார் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நிறைந்த நிலையில், வண்டி ஓடாதபோது அளந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் முதலியவை சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இஞ்சினில் அழுத்தம் அதிகம் என்பதால் அதைச் சுழற்ற இதைப்போல் இரு மடங்கும் தேவைப்படலாம். ஆனால் இந்த இழுப்பெல்லாம் சில விநாடிகளுக்குத்தான். 150 ஆம்பியர், 10 வோல்ட், 3 விநாடி என்று பெருக்கினால் 4500 ஜூல், அதாவது ஒன்றேகால் வாட்-மணி. ஒரு சிறிய பல்பை ஒரு மணி நேரம் எரிக்கக்கூடக் காணாத சக்தி! ஆகவே குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதே இங்கு முக்கியம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பெரிய எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய பெட்டியில் 20000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது. போன் சார்ஜ் செய்ய நன்றாக இருந்தது, காரைக் கிளப்பவில்லை. அந்த எண் பெரும்பாலும் ஒரு செல்லின் 3.7 வோல்ட்டுக்குக் கணக்கிட்டது. 12000 என்று போட்டிருந்தால் 12-ஐ 3.7-ஆல் பெருக்குங்கள், சுமார் 44 வாட்-மணி வரும். 35 ஆம்பியர்-மணி கார் பாட்டரியிலோ 420 வாட்-மணி இருக்கிறது.

2. 'பீக் ஆம்பியர்' என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் தரக்கூடியது. சில விநாடிகள் தொடர்ந்து தரக்கூடிய 'ஸ்டார்ட்டிங்' அல்லது 'கிராங்கிங்' ஆம்பியர் எவ்வளவு என்று கேளுங்கள். அது எங்கும் அச்சிடப்படவில்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

3. பெட்ரோலுக்கு எத்தனை லிட்டர் இஞ்சின் வரை, டீசலுக்கு எத்தனை லிட்டர் வரை என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். உங்கள் வண்டியின் அளவுக்கு ஒரு படி மேலாகவே வாங்குங்கள்.

4. லாரி, பஸ் போன்றவற்றில் 24 வோல்ட் இருக்கும். கார் பெட்டியை அங்கே மாட்டக்கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் பெட்டி என்றால், சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

5. கிளிப்பை மாற்றி மாட்டினால் மின்சாரத்தை விடாமல் தடுக்கும் பாதுகாப்பு கட்டாயம் இருக்க வேண்டும். சில பெட்டிகளில் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் இந்தப் பாதுகாப்பு விலகிவிடும். பாட்டரி அடியோடு செத்துப்போனபோது மட்டும், சிவப்பு கறுப்பை நன்கு சரிபார்த்த பிறகே அதைத் தொடலாம்.

6. கேபிளும் கிளிப்பும் தடிமனாக இருக்கட்டும். ஒல்லிக் கம்பியில் மின்சாரம் சூடாக மாறி வழியிலேயே வீணாகும்.

மாட்டும் முறை

விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அணையுங்கள். பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பல சமயம் கோளாறு அதோடு தீர்ந்துவிடும். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

சிவப்பு கிளிப்பை பாட்டரியின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். கறுப்பு கிளிப்பை, பாட்டரியிலிருந்து சற்றுத் தள்ளி, இஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுவது நல்லது. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். பெட்டியோடு வந்த குறிப்பில் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிறகே பெட்டியை 'ஆன்' செய்ய வேண்டும்.

சாவியை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் முயலுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வண்டி கிளம்பியதும் பெட்டியை அணைத்து, கறுப்பை முதலிலும் சிவப்பைப் பிறகும் எடுங்கள். அரை மணியாவது ஓட்டிவிட்டு, பாட்டரியைக் கடையில் சோதித்துப் பாருங்கள். வீங்கிய அல்லது விரிசல் விட்ட பாட்டரியில் பெட்டியை மாட்டவே கூடாது.

படகுக்கு

ஹுசேன் சாகரில் படகைப் பார்த்துவிட்டு, அதற்கும் இதே பெட்டி ஆகுமா என்று ஒரு அன்பர் கேட்டார். ஆகும், ஆனால் எச்சரிக்கை இரு மடங்கு தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. இஞ்சின் உள்ளே இருக்கும் படகில் அது அடித்தட்டில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, பெட்ரோல் வாசனை அறவே இல்லை என்று உறுதியான பிறகே கிளிப்பைத் தொட வேண்டும். தண்ணீர் புகாத தரமுள்ள பெட்டியாகவும் இருக்க வேண்டும். கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறிய வெளி மோட்டாருக்கு இந்தச் செலவே தேவையில்லை.

எப்போது கூடாது

2020 அக்டோபர் மழையில் எங்கள் பக்கத்து ஃபாக்ஸ் சாகர் ஏரி நிரம்பி, கொம்பள்ளி உமாமகேஸ்வரா காலனியில் வெள்ளம் புகுந்தது. தெருவில் படகு விட்டார்கள். நீர் வடிந்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் என் பெட்டியைக் கடன் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவருக்குக் கோபம். இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக் வந்து பார்த்து, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வெளியேற்றினார். மறுநாள் அவரே போன் செய்து, "நல்லவேளை சார்" என்றார்.

பராமரிப்பு

ஹைதராபாத் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள் இன்னும் கொதிக்கும். லித்தியம் பெட்டிக்கு அது ஆகாது. கோடையில் வீட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். வீங்கினால் ஆசை பாராமல் ஒதுக்கிவிடுங்கள். ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள் இதை லக்கேஜில் போடக்கூடாது. கைப்பையிலும் 100 வாட்-மணி வரைதான் பொதுவாக அனுமதி; முன்னதாக விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டியை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இரவு இரண்டு மணி பாடம் படிக்கிற நேரமல்ல. சொந்த ஊரை விட்டு வந்து, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் வாழும் நமக்கு இது மிக அவசியம். அதோடு எதிர் வீட்டுத் தம்பியின் நட்பையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பெட்டியும் அதற்கு ஈடாகாது.