வாடகை வீட்டை ஒப்படைக்கும்போது

தோவாளை பிச்சிப்பூவுக்குப் பெயர் பெற்ற ஊர்; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றுக்கும் பெயர் பெற்றது. இங்கே வாடகை வீடுகளில் வாழ்வோர் நம்மில் பலர். வீடு மாறும் நாளில் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் முன்பணத்தைப் பற்றியே. அப்பணம் திரும்பக் கிடைத்தால்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியும் என்ற நிலையில் எத்தனையோ பெற்றோர் உள்ளனர். ஆகவே சட்டம் கூறுவதை நாம் அறிந்திருப்பது நலம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவின்படி, வீட்டைப் பெற்றபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தருவது குடியிருப்பவர் கடமை. ஆயினும் நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்க இயலாத சக்தியால் நேரும் சேதத்துக்கும் அவர் பொறுப்பல்லர். எனவே ஒவ்வொரு குறையையும் பார்த்து, "இதைச் செய்தது காலமா, காற்றா, நாமா?" என்று கேட்போம்.

வெயில் பட்டு வர்ணம் மங்குவதும், நடந்து நடந்து தரை தேய்வதும் காலத்தின் வேலை. 2017 நவம்பர் 30 அன்று நம் மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கிப் புயலில் ஓடுகள் பறந்திருந்தால் அது காற்றின் வேலை. ஆனால் அன்றாடம் வீசும் காற்றில், கொண்டி போடாத சன்னல் அடித்துக் கண்ணாடி உடைந்தால் அது நம் வேலையே. காற்றின்மேல் பழி போடலாகாது. கண்ட இடத்தில் ஆணி அடித்துக் காரையைப் பெயர்ப்பதும் அவ்வாறே.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதை மேலும் தெளிவாக்குகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி ஆகியவற்றைச் சீர்செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதி முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 4,000 ரூபாய். முன்பணம் 12,000 ரூபாய். ஐந்தாண்டு குடியிருந்தபின், வெள்ளையடிக்க 3,000 ரூபாயும் நாம் உடைத்த கண்ணாடிக்கு 300 ரூபாயும் பிடிக்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். 300 ரூபாய் நாம் தர வேண்டியதே; 3,000 ரூபாய் அவரைச் சேர்ந்த செலவு. நமக்குத் திரும்ப வேண்டியது 11,700 ரூபாய்.

தகராறு வராதிருக்க எளிய வழி ஒன்று உண்டு. குடிபுகும் நாளிலேயே இரு தரப்பாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, விரிசல், கறை, உடைசல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். படமும் எடுத்து வைக்கலாம். காலி செய்யும் நாளில் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தால் போதும்.

களவு செய்யாதிருக்கப் பணிக்கும் ஏழாம் கட்டளை இரு தரப்பாருக்கும் உரியது. காலம் தேய்த்ததற்கு விலை கேட்பது எவ்வளவு தவறோ, நாம் உடைத்ததை மறைத்துச் சாவியைக் கொடுப்பதும் அவ்வளவு தவறு. இதை உணர்ந்து நடந்தால், வீட்டை விட்டுப் போனபின்னும் உறவு நிலைக்கும்.