வான்கோழியும் கோழிக்கோடும்

ஒல்லாந்து மொழியில் வான்கோழிக்குக் 'கல்கூன்' என்று பெயர். கோழிக்கோட்டுக் கோழி என்பதே இதன் பொருள். ஐரோப்பியர் வாயில் கோழிக்கோடு 'காலிகட்' ஆனது. அதிலிருந்து பிறந்த சொல் இது.

ஆனால் வான்கோழியின் தாயகம் கோழிக்கோடு அன்று, வட அமெரிக்கா. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பழக்கி வளர்த்த இப்பறவையை, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்.

பெயர்க் குழப்பம் ஏன்?

1492-ல் அமெரிக்கத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அவற்றை இந்தியா என்றே நம்பினார். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். 'இந்தியா'விலிருந்து வந்த பறவைக்கு, புகழ்பெற்ற இந்தியத் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் 'டர்க்கி' என்றனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்றனர். போர்ச்சுக்கீசியர் 'பெரு' என்றனர். மூன்றுமே பிறந்த ஊரைச் சொல்லவில்லை.

ஒல்லாந்தர் ஆட்சி இலங்கைக் கரையில் 1796 வரை நீடித்தது. அவர்கள் விட்டுச் சென்ற சொல்லே சிங்களத்தில் 'களுகும்' என வழங்குகிறது. கோழிக்கோட்டின் பெயர் ஒல்லாந்து போய், இலங்கைக்குத் திரும்பி வந்துவிட்டது!

வளர்ப்போர் கவனத்திற்கு

பெயரில் 'கோழி' இருப்பதால், வான்கோழியைக் கோழிகளோடு சேர்த்து வளர்ப்பது நஷ்டத்தில் முடியலாம். இரண்டும் ஒரே குடும்பமாயினும் இனம் வேறு. கோழி முட்டை 21 நாள்களில் பொரியும். வான்கோழி முட்டைக்கு 28 நாள்கள் தேவை. வான்கோழிக் குஞ்சின் தொடக்கத் தீவனத்தில் புரதம் சுமார் 28 சதவிகிதம் இருக்க வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது. முதல் சில நாள்கள் குஞ்சுகளுக்குத் தீனியைத் தேடி உண்ணத் தெரியாது, பழக்கிவிட வேண்டும்.

மிக முக்கியமானது கருந்தலை நோய். இதற்குக் காரணமான நுண்ணுயிர் கோழியின் குடற்புழு முட்டைகளுக்குள் தங்கியிருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் நோய்க்குறி தெரியாது. வான்கோழியிலோ ஈரல் கெட்டு, மஞ்சளாகக் கழிந்து, பல இறந்துவிடும். அந்தப் புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் கிடக்கும். ஆகவே கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடாதீர்கள். தனிக் கொட்டகையும் தனி மேய்ச்சலிடமும் தேவை. எச்சம் மஞ்சளாகக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.