டிராக்டரை நிறுத்திவிட்டுப் போகும்போது

கேள்வி: பள்ளிக்கரணையில் தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டரை ஆளில்லாமல் நிறுத்துவது எப்படி?

பதில்: ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் பொது இடத்தில் நிற்கும் வண்டியின் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு வகையிலோ அது தானாக நகராதபடி செய்ய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகள் வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியே இயங்குபவை. இரண்டையும் கொக்கியால் இணைத்த பிறகே பார்க்கிங் பிரேக்கைப் பூட்ட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். 5,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 5 டன். ஆகவே கியரில் விட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கும் கட்டை வைப்பது அவசியம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இளகிய மண்ணில், மழைக்காலத்தில் சக்கரம் ஒருபக்கமாகப் புதையும். கெட்டியான சமதரையே ஏற்றது. சிறுவர்கள் ஏறி விளையாடுவார்கள் என்பதால் சாவியை வண்டியில் விடவே கூடாது.