செரங்கெட்டியும் ஹைதராபாத்தும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் தரிசிக்க வேண்டுமென்ற ஆசை நம் ஜனங்களிடையே விருத்தியாகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வனவிலங்குகளும் இயற்கை அற்புதங்களும் கடல் கடந்த தேசங்களுக்கே உரியவை என்ற எண்ணமும் அதனோடு கூடவே வேரூன்றிவிட்டதால், ஹைதராபாத்வாசிகள் தம் நகரத்தின் அருகிலேயே இருக்கும் செல்வத்தை அறியாமலே இழந்து வருகிறார்கள். அவ்வெண்ணத்துக்கு ஆதாரமான நான்கு நம்பிக்கைகளை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: தேசியப் பூங்கா என்றால் எல்லை காணாத மகாவனமாக இருக்க வேண்டும்.

உண்மை: தான்சானியாவின் செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது, ஹைதராபாத்தின் வனஸ்தலிபுரத்தை ஒட்டிய மகாவீர் ஹரிண வனஸ்தலியோ அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் நைஜாம்களின் வேட்டைக்காடாக இருந்த அந்த நிலம், மகாவீரரின் 2,500-ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டி மான்களுக்கு அடைக்கலமாக்கப்பட்டு, 1994-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தபட்சப் பரப்பு எதையும் விதிக்கவில்லை. ஜீவராசிகளாலோ நில அமைப்பாலோ ஓரிடத்துக்குள்ள முக்கியத்துவத்தையே அது கருதுகிறது.

நம்பிக்கை: அங்கே இருப்பவை எங்கும் காணக்கூடிய சாதாரண மான்களே.

உண்மை: அப்பூங்காவின் பெருமையான வெளிமான், மான் குடும்பத்தையே சேர்ந்ததன்று. புள்ளிமானின் கிளைத்த கொம்புகள் உதிர்ந்து உதிர்ந்து முளைக்க, முதுகு கறுத்து வயிறு வெளுத்து, கண்களைச் சுற்றி வெண்வளையம் தரித்து நிற்கும் ஆண் வெளிமானின் முறுக்கிய கொம்புகளோ ஆயுள் உள்ளளவும் உதிர்வதில்லை. இந்திய உபகண்டத்துக்கே இயற்கையாக உரிய இப்பிராணியை ஆப்பிரிக்கக் காடுகளில் எவ்வளவு தேடினாலும் காண இயலாது.

நம்பிக்கை: முட்புதரும் புல்லும் மண்டிய நிலம் தரிசு, மரம் நட்டால் அது மேன்மையடையும்.

உண்மை: பகைவனைத் தூரத்திலேயே கண்டு, ஓட்டத்தால் உயிர் தப்பும் வெளிமானுக்குத் திறந்த வெளியே கோட்டை. நல்லெண்ணத்தோடு நாம் அடர்த்தியாக நடும் மரங்கள் அதன் பார்வையை மறைத்து, மேய்ச்சலையும் குறைத்து, வாசஸ்தலத்தை விட்டே அதை விரட்டிவிடும்.

நம்பிக்கை: ஹைதராபாத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பெரும் பாறைகள் அரக்கர்கள் அடுக்கியவை, அல்லது பிரளயம் உருட்டி வந்தவை.

உண்மை: அவை எங்கிருந்தும் வரவில்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உறைந்த கருங்கல், மேலிருந்த அடுக்குகள் கரைந்துபோனபின் வெளிப்பட்டு, அதன் வெடிப்புகளில் இறங்கிய நீரால் மூலைகள் மழுங்கி, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிந்து, நின்ற இடத்திலேயே உருண்டையாயிற்று. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்துக் காளான் பாறை இதற்குப் பிரத்தியட்சச் சான்று. செரங்கெட்டியில் சிங்கங்கள் ஏறிப் படுக்கும் கற்குன்றுகளும் இவ்விதமே உருவானவை. அவற்றைப் படம்பிடிக்க விமானம் ஏறுகிறோம், இங்குள்ளவற்றையோ வீட்டு அஸ்திவாரத்துக்காக வெடிவைத்துத் தகர்க்கிறோம்.

வெட்டிய புதர் மழைக்குத் துளிர்க்கலாம். குறைந்த மந்தையும் சம்ரட்சணையால் பெருகலாம். உடைந்த பாறையை மீட்டுத் தரவல்ல சட்டமோ சாஸ்திரமோ இல்லை. ஆகையால், 1996 முதல் இப்பாறைகளுக்காகக் குரல் கொடுத்துவரும் பாறைப் பாதுகாப்புச் சங்கத்தாரின் முயற்சிக்குத் துணைநிற்பது, ஆப்பிரிக்கப் பிரயாணத்துக்குப் பணம் சேர்ப்பவர் உட்பட, இந்நகரவாசிகள் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.