கயிறு எட்டும் வரை

அன்புள்ள வாசகருக்கு,

நோயுற்ற தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் உங்கள் லண்டன் தோழி, ‘ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்’ என்று எழுதியிருக்கிறார். உங்கள்மேல் கோபமோ என்று தயங்கிப் பதில் போடாமல் இருக்கிறீர்கள். அது கோபமில்லை. இன்றே எழுதுங்கள்.

டெதர் என்பது மேய்ச்சலில் மாட்டை முளையில் கட்டும் தாம்புக்கயிறு. கயிறு எட்டும் வட்டத்துக்குள் புல் தீர்ந்துவிட்டால், மாடு எவ்வளவு இழுத்தாலும் அடுத்த அடி வைக்க முடியாது. மனிதரின் பொறுமையும் தெம்பும் அப்படித் தீர்ந்துபோன நிலையைத்தான் ஆங்கிலேயர் இந்தத் தொடரால் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் டெதருக்குப் பதில் ‘ரோப்’ என்பார்கள், பொருள் ஒன்றே.

தத்துவ அறிஞர் ஜான் லாக், 1689 இறுதியில் வெளிவந்த தம் நூலில், மனித அறிவு தன் கயிற்றின் எல்லையை உணர்ந்து அங்கே நின்றுகொள்ள வேண்டும் என்றார். அவருக்கு அது அடக்கத்தின் அடையாளம். எச். ஜி. வெல்ஸ் 1945இல் தம் கடைசி நூலின் தலைப்பிலேயே இந்தத் தொடரை வைத்தபோது, மனித குலத்தின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கையே அவரிடம் வற்றியிருந்தது.

ஆனால், இந்தத் தொடரின் முழுக் கனத்தையும் உணர ஜோசப் கான்ராட் 1902இல் நூலாக வெளியிட்ட ‘தி எண்ட் ஆஃப் தி டெதர்’ குறுநாவலைப் படியுங்கள். கேப்டன் வேலி பெயர்பெற்ற மாலுமி. வங்கி முறிந்து சேமிப்பெல்லாம் போகிறது. தொலைவில் வறுமையில் வாடும் மகளுக்காகத் தன் சொந்தக் கப்பலை விற்று, முதுமையில் இன்னொருவரின் நீராவிக் கப்பலில் வேலைக்குச் சேர்கிறார். கண்பார்வை மங்குகிறது. சொன்னால் வேலை போய்விடும். மகளுக்குப் பணம் போகாது. வெகுநாள் எவரிடமும் சொல்லாமல் கப்பலைச் செலுத்துகிறார். கடைசியில் கப்பலோடு தானும் மூழ்குகிறார். தன் நிலையை அவர் வெகுநாள் வெளியே சொல்லவில்லை. அவருடைய துயரம் அதுதான்.

இனி, இந்தத் தொடரின் பயன்பாடு. பேருந்து தாமதமானதற்கோ பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்துக்கோ இதைச் சொன்னால் மிகையாகிவிடும். அந்த எரிச்சலுக்கு ‘டிரைவ்ஸ் மீ அப் தி வால்’ போதும். பல நாள் தாங்கியபின் கடைசியாக வந்த ஒரு சம்பவத்தைக் குறிக்க ‘தி லாஸ்ட் ஸ்ட்ரா’ உண்டு. ‘எண்ட் ஆஃப் மை டெதர்’ குறிப்பது சம்பவத்தை அல்ல, மனிதரை. தூக்கமில்லாத தாய், நோயாளியைப் பராமரிப்பவர், ஓயாத சிக்கலோடு மல்லுக்கட்டுபவர் ஆகியோர் வாயில் அது பொருந்தும். யாரால் இந்த நிலை என்று சொல்ல ‘வித்’ சேர்த்து அவர் பெயரைச் சொல்வார்கள். உங்கள் தோழி உங்கள் பெயரை அப்படிச் சேர்க்கவில்லை.

வேலி வெகுநாள் வாய்விட்டுச் சொல்லாததை உங்கள் தோழி சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும் தகுதி உங்களுக்கு உண்டு என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார். ‘பொறுமையாக இரு’ என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அவரிடம் தீர்ந்துபோனதே அதுதான். தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். எந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டு, அதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்