புயலின் தலையைத் துண்டிக்கும் காற்று

2025 நவம்பர் 27ஆம் தேதி இரவு, கிள்ளானில் எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. மலாக்கா நீரிணையில் உருவான ‘சென்யார்’ புயல், சுமத்ராவைத் தாக்கிவிட்டுச் சிலாங்கூர் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. “வலுவிழந்த புயல்தானே அம்மா, பயப்படாதீங்க” என்றேன். அது எவ்வளவு அரைகுறையான ஆறுதல் என்பது பிறகுதான் புரிந்தது. வலுவிழத்தல் என்றால் என்ன என்று தேடிப் படித்ததை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

புயல் கடலின் வெப்பத்தால் இயங்குகிறது. ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகும்போது வெளியாகும் வெப்பம், மையத்தின்மேல் தூண்போல் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் அங்கே காற்றழுத்தம் குறைந்து, சுழலும் வேகம் கூடும்.

தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும், 12 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும் திசையிலோ வேகத்திலோ வேறுபடலாம். இந்த வேறுபாட்டையே ‘விண்ட் ஷியர்’ என்பர். தமிழில் ‘காற்று முறிவு’ எனலாம். தேரின் அடியை ஒரு பக்கமும் உச்சியை மறுபக்கமும் இழுத்தால் என்னவாகும்? அதுதான் புயலுக்கும் நேர்கிறது. வேறுபாடு மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டரைத் தாண்டினால், பெரும்பாலும் தூண் சாய்ந்துவிடும். வறண்ட காற்று உள்ளே புகுந்து புயலைத் தளர்த்தும்.

இதனால் புயலின் பாதையும் மாறும். உயர்ந்தெழுந்த புயலை மேல், நடு, கீழ்க் காற்றுகள் அனைத்தும் சேர்ந்து நகர்த்துகின்றன. தலை துண்டிக்கப்பட்ட புயலைக் கீழ்க்காற்றே இழுத்துச் செல்கிறது. 2013 டிசம்பரில் வங்கக் கடலில் எழுந்த ‘மாதி’ புயல் இதற்குச் சான்று. அதிதீவிரமாகி வடக்கே சென்ற அது, காற்று முறிவால் தளர்ந்ததும் தென்மேற்கே திரும்பியது. டிசம்பர் 12ஆம் தேதி தாழ்வு மண்டலமாக வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஆக, வலிமையின் கணிப்பு பிழைத்தால் பாதையின் கணிப்பும் பிழைக்கும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. ‘வலுவிழந்தது’ என்பது காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கும், மழையை அன்று. சென்யாரின் காற்று பெரும் புயல்களுக்கு நிகரானதன்று. ஆயினும் அது கொணர்ந்த மழையின் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அடுத்த முறை அம்மா கேட்டால், “காற்று குறைஞ்சிருக்கு, மழை எவ்வளவுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்பேன்.