உறைபனியில் மாடுகளுக்குத் தீவனம்

அமெரிக்காவில் கனடா எல்லையை ஒட்டியுள்ள மொன்டானா மாநிலத்தில் இறைச்சி மாடுகளுக்குப் பெரும்பாலும் கொட்டகை கட்டுவதில்லை. குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலம் பனியில் மூழ்கி, உறைநிலைக்கு 20, 30 டிகிரி கீழே குளிர் இறங்கினாலும், நூற்றுக்கணக்கான சினைப் பசுக்கள் வெட்டவெளியில்தான் நிற்கின்றன. நாள் தவறாமல் இடும் உலர்புல்லே அவற்றைக் காக்கிறது.

இதை அங்குள்ளவர்கள் பட்டுத்தான் கற்றனர். 1880-களில் புல் சேமிக்காமலே பெரும் மந்தைகளைத் திறந்த வெளியில் விட்டிருந்தனர். 1886 கோடை வறட்சியில் புல் கருகியது. அடுத்து வந்த குளிர்காலத்தில், பனிக்கடியில் எஞ்சியதையும் எட்ட முடியாமல் லட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. அதன் பிறகே கோடையில் புல் அறுத்துப் போர் போடும் வழக்கம் பரவியது.

550 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு 12 முதல் 14 கிலோ உலர்புல் தின்னும். 300 பசுக்களுக்கு ஏறத்தாழ 4 டன் வேண்டும். பெரிய உருளைக் கட்டுகளை டிராக்டரில் கொண்டு சென்று, கயிற்றை முழுவதும் நீக்கிய பின் (கயிறு வயிற்றில் தங்கினால் வரும் கேடு, நம் ஊர் மாடு பாலிதீன் பை தின்பதால் வருவது போன்றதே) பனியின் மேல் நீண்ட வரிசையாக விரிக்கின்றனர். குவியலாகப் போட்டால் வலிய மாடே தின்னும். வரிசை நீண்டால் கிடாரிக்கும் எட்டும். தினமும் இடம் மாற்றி விரிப்பதால் சாணமும் நிலமெங்கும் பரவுகிறது. பிக் ஹோல் பள்ளத்தாக்கில் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் புல் கொண்டு செல்வோரும் உண்டு. கடுங்குளிரில் டிராக்டர் கிளம்ப மறுக்கலாம், குதிரை மறுப்பதில்லை.

நார்த்தீவனம் முதல் இரைப்பையில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அடர்ந்த குளிர்கால மயிர் உலர்ந்திருந்தால், உறைநிலைக்கு 8 டிகிரி செண்டிகிரேடு கீழே வரை பசு தாங்கும். அதற்கும் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் எரிசக்தித் தேவை சுமார் 2 சதவீதம் கூடுகிறது. 10 டிகிரி இறங்கினால், 13 கிலோ தின்ற பசுவுக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டும்.

மயிர் நனைந்துவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். மயிர்களுக்கிடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஈரத்தில் மயிர் படிந்துவிட, 15 டிகிரியிலேயே பசுவைக் குளிர் தாக்கத் தொடங்கும். உறைநிலைக்கு 18 டிகிரி கீழே உலர்ந்து நிற்கும் பசுவைவிட, உறைநிலையில் நனைந்து நிற்கும் பசுவே அதிகம் வாடும். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் பண்ணையாளர் கவலைப்படுவதில்லை. உடல் வெப்பம் கசியவில்லை என்பதற்கு அது அடையாளம். 2013 அக்டோபர் தொடக்கத்தில், பக்கத்து மாநிலமான தென் டகோட்டாவில், குளிர்கால மயிர் அடர்வதற்கு முன்பே மழை பெய்து, தொடர்ந்து பனிப்புயல் வீசியது. மறைவற்ற கோடை மேய்ச்சல் நிலங்களில் நின்ற பல்லாயிரம் மாடுகள் மாண்டன.

புயலில் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி, அது தள்ளும் திசையிலேயே நடந்து, வேலி மூலையிலோ பள்ளத்திலோ சிக்கிக்கொள்ளும். ஆகவே புயலுக்கு முன்பே மந்தையை ஓடைக்கரைப் புதர்களின் மறைவுக்கோ காற்றுத் தடுப்பு வேலிக்கோ மாற்றுகின்றனர். சினை மாடுகளை விரட்டக் கூடாது. தீவன வண்டி முன்னே சென்றால் மந்தை தானே பின்தொடரும். காலையில் தண்ணீரின் மேல் உறைந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைத்துவிடவும் வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீனி எடுப்பதும் குறையும்.

பலர் மாலையில் தீவனமிடுகின்றனர். தின்று சில மணி நேரம் கழித்தே நொதிப்பு வெப்பம் உச்சமடைவதால், அது இரவுக் குளிருக்கு உதவும். மேலும், இரவில் தீவனம் பெறும் பசுக்கள் பெரும்பாலும் பகலில் கன்று ஈனுகின்றன. 1970-களில் கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனிஃபால் என்ற மாடு வளர்ப்பவர் கண்ட இதைப் பின்னர் நடந்த ஆய்வுகளும் காட்டின. பனியிரவில் ஈரத்தோடு விழும் கன்று விரைவில் விறைத்துவிடும்.

நம் மாடுகளுக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் கார்த்திகை அடைமழையில் கன்று நடுங்குவதும் அதே ஈரத்தால்தான். அதைக் கோணியால் துடைத்து, காற்றுப் படாத இடத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்பிக் கட்டலாம். ஈனும் மாதத்தில் சினைப் பசுவுக்கு வைக்கோலில் பெரும்பகுதியை இரவில் போட்டுப் பார்க்கலாம்; கூடுதல் செலவு ஏதுமில்லை.